ரூபினியின் குரலிலிருந்து பதினேழு துண்டுகள்

இந்த ஏர்கோனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் நல்லது, மேடம். குளிருக்காகச் சொல்லவில்லை. உள்ளே ஏதோ ஒரு திருகு கழன்றிருக்கிறது, சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது. நான் சொல்வதைப் பதிவு செய்கிறீர்கள் அல்லவா, பிறகு போட்டுக் கேட்கும்போது அந்தத் தட்டல் என் பேச்சை மறைக்கும். முடியாதென்றால் பரவாயில்லை. அந்தப் பதிவுக் கருவியை மட்டும் ஒரு சாண் என் பக்கம் நகர்த்துங்கள். போதும்.

என் பெயர் சுகுமாரன். வயது முப்பத்தெட்டு. பினாங்கில், லெபோ விக்டோரியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். வக்கீல் வேண்டாம் என்று காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். பசியாற ரொட்டி சானாய் கூட வாங்கிக் கொடுத்தார்கள். எனவே ஒளிக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் நவமணி. நீங்கள் அதை மலாயில் எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடம் மற்றவர்களுக்காக வேலை செய்தவன் நான். தீபாவளிப் பாட்டு, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நுழையும்போது போடும் இசை, கோழிக்கடை விளம்பரம். மிச்ச நேரத்தில் எனக்காக மின்னிசை செய்தேன். துறைமுகத்தில் கிரேன் நகரும் சத்தம், ஃபெர்ரி எஞ்சின், பாசாரில் ஐஸ் உடைக்கும் சத்தம் இவற்றையெல்லாம் பிடித்துவந்து கணினியில் தாளமாக்குவேன். ஜெர்மனியில் ஒரு சிறிய இசை நிறுவனத்துக்கு நாலு தடவை அனுப்பினேன். நாலாவது தடவைதான் பதில் வந்தது. சத்தம் மிகச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் யாரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

நான் கோபப்படவில்லை. அது உண்மைதான். எனக்குத் தேவை ஓர் ஆள் என்று புரிந்துகொண்டேன்.

பக்கிரிசாமி அண்ணனைச் சந்தித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்கு முந்தின வாரம். சுங்கை பினாங்கில் ஒரு ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர்ப் பந்தல்காரர்கள் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். தூண்களுக்கு அந்தப் பக்கம் யாரோ கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார். கம்பிகளை எல்லாம் தளர்த்தி ஒரே சுரக்கூட்டில் கட்டியிருந்தார். சுண்டுவிரலில் தண்ணீர்க் குழாயிலிருந்து அறுத்த ஒரு செம்புத் துண்டு. அதைக் கம்பிமேல் இழுத்தால் கித்தார் மனுஷக் குரலில் முனகியது. வலது கால் சிமெந்துத் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"இது என்னா பாட்டுண்ணே?" என்று கேட்டேன்.

"பாட்டாலா இது? பொலம்பல் தம்பி. அமெரிக்காவுல ஒரு ஆத்தங்கரையில, பருத்திக் காட்டுல வேல செஞ்ச கறுப்பு ஜனங்க பாடுனது. டெல்டா ப்ளூஸ்னு சொல்வாங்க. நம்பாளு ரப்பர் காட்டுல கெடந்த மாதிரி அவுங்க அங்க கெடந்தாங்க, அவ்ளோதான்."

அவருக்கு அறுபத்தொன்று. கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினேழு வயதில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில், ஆஸ்திரேலியப் படைக்காரர்களின் உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவியிருக்கிறார். அங்கே ஒரு சிப்பாய் ஊருக்குத் திரும்பும்போது தன் கித்தாரையும் ஒரு பெட்டி இசைத்தட்டையும் கொடுத்துவிட்டுப் போனானாம். தட்டுகள் தேயும்வரை கேட்டே பழகியிருக்கிறார். சொற்கள் மட்டும் அவருடையவை, தமிழில். அன்றைக்கு அவர் பாடியது இது:

அந்தக் கர வெளக்கு தெரியுது, ஆளத்தான் காணோம்.
அந்தக் கர வெளக்கு தெரியுது, என் ஆளத்தான் காணோம்.
பாலம் கட்டி வெச்சிருக்கான், எனக்குப் போக மொகம் இல்ல.

அந்தக் கரை என்பது கடலுக்கு அப்பால் இருக்கும் செபராங் ஜெயா. அவருடைய ஒரே மகள் ரூபினி அங்கே ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பாலத்தில் போனால் அரை மணி நேரம். ஒன்பது வருடமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மனைவி புஷ்பவள்ளி ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருந்தபோது இவர் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டல் பாரில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார். போன் கித்தார்ப் பெட்டிக்குள் கிடந்தது. மகள் இருபத்திரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். காடாற்று முடிந்ததும் அவள் துணியை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள்.

இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, மேடம். பாடினார். பாடியதிலிருந்து நான் தெரிந்துகொண்டேன். அவர் குரலில் இருந்த அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இந்தப் பழைய ப்ளூஸையும் மின்னிசையையும் சேர்ப்பது லேசில்லை. கணினி எல்லாவற்றையும் சமமான கட்டங்களாகப் பிரிக்கும். அவர் கட்டத்துக்குள் அடங்குகிற ஆள் இல்லை. ஒரு வரியில் மூச்சுப் போதாவிட்டால் அரைத் தட்டு முன்னால் போய்விடுவார், மனம் கனத்தால் இரண்டு தட்டு நின்றுவிடுவார். முதலில் நான் அவரை இழுத்துக் கட்டத்தில் போட்டேன். செத்துப்போயிற்று. பிறகு மாற்றிச் செய்தேன். அவருடைய கால் தட்டலை மட்டும் தனியாகப் பிடித்து, ஆழமாக இறக்கி, அதையே அடித்தாளமாக்கினேன். டிரம் மெஷின் அவருக்காகக் காத்திருந்தது. அவர் நின்றால் அதுவும் நிற்கும். ஃபெர்ரி எஞ்சினை அவருடைய கடைசிக் கம்பியின் சுருதிக்குக் கொண்டுவந்து அடியில் ஓடவிட்டேன். மூன்று மாதம் ஆயிற்று. முடிந்தபோது, தனி மனிதன் ஒருவன் பெரிய இயந்திரம் ஒன்றின் வயிற்றுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது.

இணையத்தில் ஏற்றினோம். ஒரே வாரத்தில் அறுபதாயிரம் பேர் கேட்டார்கள். ஜெர்மனிக்காரர்கள் அவர்களாகவே எழுதினார்கள். எட்டுப் பாட்டு கொண்ட ஆல்பம், மார்ச் மாத முடிவுக்குள். பக்கிரிசாமி அண்ணன் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எட்டு பாட்டுக்கு எங்கிட்ட துக்கம் இருக்காலா?" என்றார். இருக்கிறது என்றேன்.

ஐந்து பாட்டு முடிந்திருந்தது. அப்போதுதான் ரூபினி எங்கள் பக்கத்துக்கு எழுதினாள். அலுவலகத்தில் யாரோ போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அது தன் அப்பாவின் குரல் என்று அடையாளம் கண்டிருக்கிறாள். பார்க்கலாமா என்று கேட்டாள். வாருங்கள் என்று நான்தான் பதில் எழுதினேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவர்களைச் சேர்த்துவைத்தவன் நான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அவள் படியேறி வந்தாள். அவர் கித்தாரை மடியில் வைத்தபடி எழுந்திருக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை, "பசியாறிட்டீங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

அவ்வளவுதான். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். என் கூடத்தில் யார் நுழைந்தாலும் ஒலிவாங்கிகள் திறந்திருக்கும், பதிவு ஓடும். அது என் பழக்கம், அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. இரண்டு மணி பதினாலு நிமிடம் பதிவானது. மிகத் தெளிவான பதிவு.

அதற்குப் பிறகுதான் சிக்கல். ஆறாவது பாட்டுக்கு உட்கார்ந்தோம். குரல் இருந்தது, சுருதி இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. கரகரப்பு மட்டும் இல்லை. அவர் கன்னம் நிறைய ஏதோ இனிப்பை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் பாடினார். பழைய பாட்டின் மூன்றாவது வரியையே மாற்றிவிட்டார். 'ஞாயித்துக்கெழம வந்துருவா, மீன் வாங்கி வெக்கணும்' என்று பாடுகிறார். நான் பதிவை நிறுத்தினேன்.

"அண்ணே, வரிய மாத்திட்டீங்க."

"ஆமாலா. அவதான் வர்றாளே. இன்னும் என்னாத்துக்குப் பொய் பாடணும்?"

நியாயமான கேள்வி. ஆறு வாரம் முயன்றேன். ஒலிவாங்கியை மாற்றினேன், அதிகாலையில் பாடவைத்தேன், சாப்பிடாமல் பாடவைத்தேன், ஒரே வரியை நாற்பது தடவை பாடவைத்தேன். அவர் ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. இந்த உலகத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய போனை நான்தான் ஒழுங்கு பண்ணிக் கொடுத்திருந்தேன். அவருக்குக் கண்ணும் சரியில்லை, அந்த விஷயத்தில் பொறுமையும் இல்லை. வாட்ஸாப் என் கணினியிலும் திறந்திருக்கும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நாளைக்கு வருகிறேன் என்று ரூபினி அனுப்பிய செய்தியை அவர் பார்க்கும் முன் அழித்தேன். அவளுக்கு அவர் பெயரில், காய்ச்சல், அடுத்த வாரம் வா என்று எழுதினேன். அவர் மீன் வாங்கிவைத்துவிட்டு மாலைவரை காத்திருந்தார். திங்கட்கிழமை பாடினார். நன்றாக இருந்தது. முழுதாக இல்லை, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று எனக்குக் காட்டியது.

மூன்று ஞாயிறு அப்படிப் போயிற்று. அதில் ஆறாவது பாட்டு கிடைத்தது. ஆனால் காத்திருப்பவன் குரலில் ஒரு மூலையில் நம்பிக்கை இருக்கும். அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், எனக்குக் கேட்கும். அது இருக்கும்வரை ஏழாவது பாட்டு வராது. அவளுடைய எண்ணை அவர் போனில் தடைசெய்தேன். பிறகு அந்த இரண்டு மணி பதினாலு நிமிடத்தை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலை நான்கு நாள் பிடித்தது. பதினேழு வெட்டு. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம் என்றுதான். 'அப்பா' என்பது அவள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டது. சிரிப்பை எடுக்கச் சுருதியைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. 'இனிமே' என்பது, இனிமே ஞாயித்துக்கெழம தவறாம வருவேன் என்றதிலிருந்து. 'என்னைய' என்பது, என்னைய லோரியில ஏத்தி ஸ்கூலுக்குக் கொண்டுபோனீங்களே என்றதிலிருந்து. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தடவியபோது, தேடாதீங்கப்பா, தலைமேலதான் இருக்கு என்றாள், அதிலிருந்து 'தேடாதீங்க'. 'அம்மாவ' என்பது, அம்மாவ மாதிரியே சமைக்கிறேன்னு சொல்றாங்க என்றதிலிருந்து. 'மறக்கல' கிடைத்தது அதிர்ஷ்டம். நீங்க சொல்லிக் குடுத்த பாட்டு ஒண்ணுகூட நான் மறக்கல என்று சொல்லியிருந்தாள். 'எனக்கு வேணாம்' என்பது சீனிக்குச் சொன்னது. மிச்சமெல்லாம் மூச்சும் இடைவெளியும். அடியில் சாலைச் சத்தம் கொஞ்சம் போட்டேன், தெருவில் நின்று பேசுவதுபோல்.

முடிந்தபோது இப்படி இருந்தது: "அப்பா. இனிமே என்னையத் தேடாதீங்க. அம்மாவ நான் மறக்கல. எனக்கு அப்பா வேணாம்."

அதில் அவள் சொல்லாத சொல் ஒன்றுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரை உட்காரவைத்து, ரூபினி எனக்கு அனுப்பினாள், உங்களுக்குக் கேட்கப் போடச் சொன்னாள் என்றேன். ஒலிவாங்கிகள் திறந்திருந்தன. இந்தத் தடவை அது பழக்கத்தால் அல்ல.

அவர் அழவில்லை. "இன்னொரு தடவ போடு தம்பி," என்றார். போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு தரையைப் பார்த்து, "சரிதானேலா. அவ சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லியே," என்றார். செம்புத் துண்டை விரலில் மாட்டினார். ஒன்பது நிமிடம் நிறுத்தாமல் பாடினார். நான் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. அதுதான் ஏழாவது பாட்டு. அதில் எந்த இயந்திரச் சத்தத்தையும் நான் சேர்க்கவில்லை என்று பிறகு எல்லாரும் பாராட்டினார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பாடி முடித்ததும் அவர் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் புள்ள பேசுனத இதுல போட்டுக் குடு தம்பி."

"என்னாத்துக்குண்ணே? கேக்கக் கேக்க மனசுதான் நோவும்."

"நோகட்டும்லா. திட்டுனாலும் அவ கொரல்தானே."

மறுத்திருக்க வேண்டும். தொழில் ரீதியாகப் பார்த்தால் அது என் பெரிய தவறு. ஆனால் அவர் கேட்ட விதம் எனக்கு இரக்கமாக இருந்தது. போட்டுக் கொடுத்தேன். தினமும் காலையில் பல் துலக்கும் முன் ஒருமுறை கேட்பார்.

ரூபினி சும்மா இருக்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, அப்பா ஏன் என் போன எடுக்க மாட்டேங்கிறாரு? நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?" என்றாள். "கொஞ்ச நாள் விடும்மா. பழசையெல்லாம் கெளறின மாதிரி ஆயிருச்சு அவருக்கு. அவரே வருவாரு," என்றேன். அவள் அவருடைய ஃபிளாட்டுக்குப் போவாள் என்று தெரியும். ஆகவே அவரை என் கூடத்தின் பின்னறைக்கு அழைத்து வந்துவிட்டேன். தனியாக இருந்தால் மனம் கெட்டுப்போகும் என்று சொன்னேன். நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. இதயத்தில் ஏற்கெனவே அடைப்புக்குச் சிகிச்சை எடுத்தவர், மாத்திரையை மறந்துவிடுவார். அந்த டப்பாவை நானே வாங்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன். வேளை தவறாமல் கொடுத்தேன்.

மார்ச் இரண்டாம் வாரம் அவள் முன்னறிவிப்பு இல்லாமல் படியேறி வந்துவிட்டாள். பகல் ஒரு மணி. கையில் ஒரு தூக்குச் சட்டி. வாசலில் நின்று பேசினோம். அவள் நின்ற இடத்திலிருந்து பின்னறைக் கதவு பத்தடி. உள்ளே அவர் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், சற்று முன்புதான் அறையை மூடிவிட்டு வந்திருந்தேன். அந்தக் கதவு நல்ல கதவு. இரட்டைப் பலகை, நடுவில் ரப்பர், நானே செய்தது. ஒரு சத்தமும் வெளியே வராது. ஆனால் அவர் கழிவறைக்குப் போக எந்த நேரமும் திறக்கலாம்.

"அப்பா இருக்காரா அண்ணே?"

"கோலாலம்பூர் போயிருக்காரும்மா. ஒரு நிகழ்ச்சி."

"அவரு செருப்பு கீழ கெடக்குதே."

நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். "புதுசு வாங்கிக் குடுத்தேன். அது போட்டுட்டுப் போனாரு," என்றேன். அவள் என் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். நான் நகரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கைப்பிடி திரும்புகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கீழே ஒரு மோட்டார் போயிற்று. அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தூக்கை என் கையில் கொடுத்தாள்.

"மீன் குழம்பு. வந்தா குடுங்க. நான் கோவமா இல்லன்னு சொல்லுங்க அண்ணே. அது மட்டும் சொன்னா போதும்."

சொல்கிறேன் என்றேன். அவள் இறங்கிப் போன பிறகு கதவைத் திறந்தேன். அவர் கம்பியிலிருந்து தலை தூக்கவில்லை. குழம்பை வீணாக்க மனம் வரவில்லை, அவருக்கே சோற்றோடு போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். கை நின்றது.

"இது எந்தக் கடையில வாங்குன தம்பி?"

"பினாங்கு ரோட்டுல ஒரு கடைண்ணே."

"புஷ்பவள்ளி கை மாதிரி இருக்கு," என்றார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அன்று பிற்பகல் பாடியதில் எட்டாவது பாட்டின் முதல் பாதி கிடைத்தது.

மறு பாதிக்கு இரண்டு வாரம் காத்திருந்தேன். மார்ச் இருபத்தாறு, புதன்கிழமை, பகல் மூன்று பத்து. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். இரண்டாவது வரியில் அவர் கால் தட்டல் தடுமாறியது. நின்று நின்று வந்தது. அப்படி ஒரு தாளத்தை எந்தக் கணினியாலும் போட முடியாது. அவர் இடது கையைக் கித்தாரிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்தார்.

"தம்பி, நெஞ்சு இறுக்குது. நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரய எடுத்துக் குடு."

ஆஸ்பத்திரியில் நான் சொன்னது, அவர் திடீரென்று மயங்கி விழுந்தார், உடனே கூப்பிட்டேன் என்று. அது சரியில்லை. அவர் கேட்டது என் ஹெட்ஃபோனில் தெளிவாக விழுந்தது. டப்பா என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பேசும் பொத்தானை அழுத்தி, "அண்ணே, கடைசி வரி மட்டும். ரொம்ப நல்லா வருது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். மேடம், அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். திரும்பப் பாடத் தொடங்கினார். குரல் மெலிந்துகொண்டே போயிற்று, நான் ஒலிவாங்கியின் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். நாலு நிமிடம் நாற்பது விநாடி. செம்புத் துண்டு கம்பிமேல் கடைசிவரை இழுபட்டுப் போய் மரத்தில் தட்டி நின்றது. நான் பதிவைச் சேமித்தேன். இன்னொரு வன்தட்டில் ஒரு பிரதி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் 999 அழைத்தேன். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாரடைப்பு என்று எழுதினார்கள். பத்து லஞ்சாங் மயானத்தில் எரித்தோம். ரூபினி தனியாக நின்றாள். பெட்டியை மூடும் முன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அவருடைய சாமான்களை நானே ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்தேன். போனும் அதில் இருந்தது. அந்தப் பதிவை அதிலிருந்து அழிக்க எனக்கு முழுதாக இரண்டு நாள் இருந்தது. அழிக்கவில்லை. ஆல்பத்தின் கடைசி வேலையில் இருந்தேன், ஞாபகம் வரவில்லை. அவள் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். தான் ஒருநாளும் சொல்லாததைத் தன் குரலே சொல்வதைக் கேட்டிருக்கிறாள். பிறகு தடைசெய்த எண்களைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் உங்களிடம் வந்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாத்திரையைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று காலையில் கேட்டீர்கள். பிழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். முன்பு இரண்டு தடவை கொடுத்தேன், இரண்டு தடவையும் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, பால் விடாத தே ஓ தேநீர் கேட்டார். ஆகவே எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று தெரிந்தே நான் கொடுக்கவில்லை. அவரைக் கொன்றது நான்தான்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரும் அவரைக் கேட்காமல் இருந்தபோது கேட்டவன் நான். லோரி ஓட்டிய ஒரு மனிதரின் குரலை இன்று எங்கோ இருக்கிறவர்கள் இருட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவருடைய வேதனையில் ஒரு துளியைக்கூட நான் சிந்தவிடவில்லை.

என் வன்தட்டுகள் இரண்டும் இப்போது உங்கள் சாட்சிப் பொருள் அறையில் இருக்கின்றன. எட்டாவது பாட்டை ரூபினி இன்னும் கேட்கவில்லை, கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கடைசி நாலு நிமிடம் நாற்பது விநாடியில் பாட்டின் சொற்கள் தீர்ந்துபோன பிறகு அவர் அவள் பெயரை மூன்று முறை சொல்கிறார். மூன்றாவது மிக மெல்லியது, நான் அளவை ஏற்றியிராவிட்டால் பதிவாகியே இருக்காது. அவளுக்காகத்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஒருமுறை முழுதாகக் கேட்டால் அவள் எனக்கு நன்றி சொல்வாள்.